குடும்பம் கார்ல, நீங்க சைக்கிள்ல: நெடுந்தூர பயணத்துல ஒரு நாளை ஓட்டி முடிக்க முழு வழிகாட்டி

பல நாள் ஓடற சைக்கிள் பயணத்துக்கு வீட்டு ஆளுங்களே சப்போர்ட்டா கார்ல வர்றாங்கன்னா அதவிட பெரிய பலம் கிடையாது, ஆனா அது தானா நடந்துடாது. ஓட்டறவங்க பெரும்பாலும் தன்னோட பக்கத்த மட்டும் பக்காவா பிளான் பண்ணுவாங்க, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏத்தம், எந்த டயர் எல்லாம் யோசிச்சிருப்பாங்க, கார்ல வர்றவங்களுக்கு மட்டும் "அப்படியே கூட வந்துடுங்க"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. கார்ல இருக்கறவங்க நாள் எப்படி போகும்னு யோசிச்சு பாருங்க: 20 கிலோமீட்டர் ஓட்டறது, ஒரு மணி நேரம் ரோட்டோரம் காத்திருக்கறது, அஞ்சு நிமிஷம் பரபரப்பு, திரும்ப 20 கிலோமீட்டர். சாயங்காலம் வரைக்கும் இதேதான். சைக்கிள் மிதிக்கறதவிட இது சலிப்பான வேலை. அதனால ஒரு நாளைக்கு ரெண்டு அட்டவணை போடணும், ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவங்களுக்கு. கீழ சொல்ற ஒவ்வொரு படியும் இத வச்சுதான்.

உதாரணத்துக்கு 120 கிலோமீட்டர், நடுவுல கொஞ்சம் ஏத்தம் இறக்கம் இருக்கற ஒரு நாள எடுத்துக்கறேன். பயணத்தோட முதல் நாள் இல்ல, மூணாவது நாலாவது நாள், உடம்பு ஏற்கனவே அசந்திருக்கும்.

முந்தின நாள் ராத்திரி: நேரக்கணக்கும் சந்திக்கற இடமும்

சைக்கிள் ஓடிட்டிருக்கும்போது சராசரி 20 கிமீ வேகம் வருதுன்னா 120-க்கு 6 மணி நேரம்னு கணக்கு போடாதீங்க. நிக்கறது, சாப்பிடறது, டாய்லெட், சிக்னல், போட்டோ எல்லாம் சேத்து பாத்தா மொத்த சராசரி 15, 16-க்கு வந்துடும், அதாவது ஏழரை மணி நேரத்துல ஆரம்பிச்சு 8 மணி நேரம். 1000 மீட்டர் ஏத்தம் இருந்தா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கூட்டிக்குங்க. இந்த நிஜ நேரத்ததான் குடும்பத்துகிட்ட சொல்லணும். அவசரத்துல குறைச்சு சொன்னா மதியத்துக்கு மேல அவங்க ஒவ்வொரு நிமிஷமும் பயந்துகிட்டே உக்காந்திருப்பாங்க.

அடுத்து ரூட். இங்கதான் பெரும்பாலான குழப்பம் வருது. நீங்க சைக்கிளுக்குன்னு அமைதியான சின்ன ரோடு தேடி ஜிபிஎக்ஸ் ஃபைல் (ரூட்ட அப்படியே சேமிச்சு வைக்கற ஃபைல்) போட்டிருப்பீங்க, கார்ல இருக்கற மேப் ஆப் சீக்கிரம் போற ரோட்ட பாத்து பைபாஸ்ல ஏத்திவிட்டுடும், ரெண்டும் வேற வேற ரோடு. அதனால ஒரே ஜிபிஎக்ஸ் ஃபைல் ரெண்டு போன்லயும் இருக்கணும், அதுல சந்திக்கற இடங்கள முந்தின ராத்திரியே பின் போட்டு வச்சிடணும். பேரு வைக்கும்போது "அந்த பாலத்துக்கு அப்புறம்"னு வேண்டாம், "கிமீ 40", "கிமீ 65"ன்னு வைங்க. சைக்கிள் மீட்டர்லயும் அதே எண்தான் தெரியும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பாக்க வேண்டியது: கார் முழுசா ரோட்ட விட்டு இறங்கி நிக்க இடம் இருக்கணும். வளைவுலயோ, மேடு ஏறி இறங்கின உடனேயோ வேண்டாம், பின்னாடி வர்ற வண்டிக்கு கடைசி நொடி வரைக்கும் தெரியாது. நீளமான இறக்கத்துக்கு நடுவுலயும் வேண்டாம், ஏத்தத்தோட உச்சி தாண்டி கொஞ்சம் சமதரையா இருக்கற இடம் நல்லது, ஏறி வந்த வியர்வையோட அப்படியே இறங்காம ஒரு ஜாக்கெட் மாட்டிக்கலாம். நிழல் இருந்தா இன்னும் நல்லது. மூணு சந்திப்புல ஒண்ணாவது கார்ல இருக்கறவங்களுக்கும் உபயோகமான இடமா இருக்கட்டும், டாய்லெட், உக்கார ஒரு இடம், பசங்க இருந்தா ஓடியாட கொஞ்சம் இடம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை? காலைல முதல் சந்திப்ப தவிர, என்னோட கருத்து 20-லேர்ந்து 25. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்னா ரெண்டு பேரோட நாளும் துண்டு துண்டா போயிடும். நல்ல வெயில்லயும் பெரிய ஏத்தத்துலயும் மட்டும் 12, 15-க்கு குறைச்சுக்கலாம்.

காலைல கிளம்பறதுக்கு முன்னாடி

எந்திரிச்சதும் நாடித்துடிப்பு பாருங்க, படுக்கைலயே. வழக்கத்தவிட 8, 10 கூடுதலா இருந்தா, தூக்கமும் சரியில்லன்னா, அன்னிக்கு வேகத்த குறைச்சு ஓட்டணும்னு அர்த்தம், அத கார்ல இருக்கறவங்களுக்கும் சொல்லிடுங்க. கிளம்பறதுக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரம் முன்னாடி நல்லா சாப்பிடணும், மாவுச்சத்து அதிகமா, எண்ணெய் கம்மியா, வயித்துக்கு பழக்கமான சாப்பாடு. பயணத்துல புதுசா ஏதாவது சாப்பிட்டு பாக்கறதா இருந்தா அது ராத்திரிதான், காலைல கிடையாது.

சைக்கிள்ல பாக்க வேண்டியது அஞ்சு நிமிஷ வேலைதான். டயர விரலால தடவி கண்ணாடி துண்டு, முள்ளு இருக்கான்னு பாருங்க, காத்து அளவு பாருங்க (28 எம்எம் டயர்னா 70, 80 பிஎஸ்ஐ சுத்துல, 32-ன்னா அதவிட குறைவு, உங்க எடைக்கு தகுந்த மாதிரி மாறும், பின் டயருக்கு கொஞ்சம் கூட, டயர் பக்கவாட்டுல போட்டிருக்கற அளவ தாண்டக்கூடாது). ரெண்டு பிரேக்கையும் அழுத்தி பாருங்க, வீல தூக்கி சுத்திவிட்டு ஆட்டம் இருக்கா, பிரேக் பேட்ல ஒரசுதான்னு பாருங்க, அவ்வளவுதான்.

கார் இருக்குன்னு உங்க பாக்கெட்ட காலியா வச்சிட்டு கிளம்பவே கூடாது. ஒரு டியூப், ரெண்டு டயர் லீவர், சின்ன பம்ப், மல்டிடூல், போன், கொஞ்சம் பணம், அடையாள அட்டை, அடுத்த சந்திப்பு வரைக்கும் சாப்பாடு, இதெல்லாம் உங்க மேலயே இருக்கணும். கார் ரூட் மாறிப் போகலாம், சிக்னல் இல்லாம போகலாம், அவங்க டயரே பஞ்சராகலாம். அடுத்த சந்திப்பு வரைக்கும் நீங்களே சமாளிக்கற மாதிரிதான் எப்பவும் இருக்கணும்.

கார்ல சாமான் அடுக்கறதுக்கு மூணு பெட்டி போதும். முதல் பெட்டி சாப்பாடு, தண்ணி, உப்பு. ரெண்டாவது பெட்டி துணி: ஜாக்கெட், இன்னொரு ஷார்ட்ஸ், சாக்ஸ், துண்டு, சன்ஸ்கிரீன். மூணாவது பெட்டி ரிப்பேர்: டியூப், ஒரு ஸ்பேர் டயர், பெரிய பம்ப், செயின் எண்ணெய், குயிக் லிங்க் (அறுந்த செயின சேக்கற கண்ணி), கியர் கேபிள், பிரேக் பேட், ஸ்போக், கியர் ஹேங்கர். இந்த ஹேங்கர் மட்டும் உங்க சைக்கிள் மாடலுக்கு தகுந்தத வாங்கி வச்சிருக்கணும், பின் கியர ஃபிரேமோட பிடிச்சு வைக்கற, அலுமினியத்துல இருக்கற சின்ன துண்டுதான், சைக்கிள் சாஞ்சு விழுந்தா அதுதான் முதல்ல வளையும், வழில எங்கயும் கிடைக்காது. பெட்டி மேல பெரிய எழுத்துல எழுதுங்க, அப்பதான் நீங்க மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது "அது எங்க இருக்கு, இது எங்க இருக்கு"ன்னு கேள்வி வராது, பத்து வயசு பையன்கூட எடுத்துக் குடுப்பான். பசங்களுக்கு இப்படி ஒரு பொறுப்பு குடுத்து பாருங்க, பாட்டில் நிரப்பறது என் வேலைன்னு சொல்லிட்டு நாள் முழுக்க ஆர்வமா இருப்பாங்க.

முதல் ரெண்டு மணி நேரம்

மெதுவா. அவ்வளவுதான் விஷயம். பேசிக்கிட்டே ஓட்டற வேகம், லேசான கியர், நிமிஷத்துக்கு 80-லேர்ந்து 90 மிதி. காலைல உடம்பு இலகுவா இருக்கறப்ப வேகமா போய் நேரத்த மிச்சம் பிடிக்கலாம்னு தோணும், அந்த நேரம் மதியத்துக்கு மேல ரெண்டு மடங்கா போயிடும்.

இந்த நேரத்துல கார் உங்க பின்னாடி வரவே வேண்டாம். குடும்பம் நிதானமா எந்திரிச்சு, சாப்பிட்டு, ரூம காலி பண்ணிட்டு வரட்டும், முதல் சந்திப்பு கிமீ 35, 40-ல வச்சா போதும். காலைல ரெண்டு மணி நேரம் அவங்களுக்கு நிம்மதியா கிடைச்சா சாயங்காலம் வரைக்கும் மனநிலை நல்லா இருக்கும்.

கார் எங்க ஓடணும்

பகல்ல கார் சைக்கிளுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டே வர்றது பாதுகாப்புன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. சாதாரண ரோட்டுல அது ஆபத்து. 20 கிமீ வேகத்துல ஊர்ந்துகிட்டிருக்கற கார தாண்ட பின்னாடி வர்றவங்க எதிர்ப்பக்கம் ஏறுவாங்க, தாண்டி உள்ள வரும்போதுதான் முன்னாடி ஒரு சைக்கிள் இருக்கறதே தெரியும். அதோட டிரைவருக்கும் அது கொடுமை, ஒரு மணி நேரத்துல கண்ணு சொருக ஆரம்பிச்சிடும். அதனால கார் முன்னாடி போய் நின்னு, நீங்க தாண்டின அப்புறம் பொருள எல்லாம் எடுத்து வச்சுட்டு, உங்கள தாண்டி மேப்ல அடுத்து பின் போட்ட இடத்துக்கு போறதுதான் சரியான முறை. தாண்டும்போது ஹாரன் வேண்டாம், நல்லா தள்ளி போனா போதும்.

போட்டிகள்ல விதி வேற மாதிரி இருக்கும். ரேஸ் அக்ராஸ் அமெரிக்கான்னு 1982-லேர்ந்து நடக்கற, கிட்டத்தட்ட 4800 கிலோமீட்டர் போட்டில ராத்திரில சப்போர்ட் வண்டி பின்னாடியே வரணும்ங்கறது விதி. ஆனா பிஆர்எம் மாதிரி ராண்டோனி ரைடுகள்ல (போட்டி இல்ல, குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கற நெடுந்தூர ரைடு) நேர்மாறு, வழில எங்கயும் காரோட உதவி வாங்கக்கூடாது, கண்ட்ரோல் பாயிண்ட்ல (வந்து சேந்தத பதிவு பண்ற இடம்) மட்டும்தான், பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்ல 1200 கிமீயும் அப்படித்தான். நீங்க எதுலயாவது பேர் குடுத்து ஓட்டறதா இருந்தா குடும்பத்துக்கு இந்த விதிய முதல்லயே சொல்லிடுங்க, பாசத்துல நடுவழில ஒரு பாட்டில் குடுத்தா உங்க ரைடே செல்லாம போயிடலாம்.

சந்திப்பு எப்படி இருக்கணும்

சின்ன சந்திப்பு 5-லேர்ந்து 8 நிமிஷம். வர்றதுக்கு 5 நிமிஷம் முன்னாடி அவங்க தயாரா இருக்கணும்: நிரப்பின ரெண்டு பாட்டில், கைல எடுக்கற மாதிரி சாப்பாடு, ஒரு துண்டு. நீங்க இறங்கினதும் பழைய பாட்டில குடுத்து புதுச வாங்கறீங்க, சாப்பாட்ட பாக்கெட்ல போடறீங்க, பாதிய அங்கயே சாப்பிடறீங்க. காரோட கதவு டிராஃபிக் இல்லாத பக்கம்தான் திறக்கணும், பசங்க அந்த பக்கம்தான் இறங்கணும், ஹசார்ட் லைட் எரியணும்.

இதுக்கு நடுவுல அவங்க கேக்க வேண்டிய கேள்வி மூணுதான்: குடிச்சியா, சாப்பிட்டியா, எங்கயாவது வலிக்குதா. "எப்படி இருக்க"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்"தான் பதில் வரும், ஒண்ணும் தெரியாது. திரும்பி வந்த பாட்டில பாத்தாலே பதில் தெரிஞ்சிடும், பாதி மிச்சம் இருந்தா ஆள் குடிக்கலன்னு அர்த்தம்.

நீங்களும் அவங்கள ஒரு கேள்வி கேளுங்க, நீங்க சாப்பிட்டீங்களான்னு. உபசாரத்துக்கு இல்ல. காத்திருக்கறவங்க சாப்பாட்ட தள்ளிப் போட்டுக்கிட்டே போவாங்க, மதியம் மூணு மணிக்கு அவங்களுக்கு தலைவலி வரும், அந்த தலைவலியோடதான் உங்க பக்கத்துல கார் ஓட்டுவாங்க.

தண்ணி, சாப்பாடு, உப்பு

தாகத்த பொறுத்து மணிக்கு 500-லேர்ந்து 750 எம்எல் பெரும்பாலானவங்களுக்கு சரியா இருக்கும், நல்ல வெயில்ல ஒரு லிட்டர் வரைக்கும் போகலாம். ஒரு பாட்டில்ல வெறும் தண்ணி, இன்னொண்ணுல உப்பும் சர்க்கரையும் கலந்தது, ரெண்டுக்கும் வேற வேற கலர் மூடி. பயத்துல வெறும் தண்ணியா குடிச்சு தள்ளறதும் ஆபத்துதான், ரத்தத்துல சோடியம் குறைஞ்சுபோய் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் எல்லாம் வரும், பாக்க தண்ணி பத்தாத மாதிரியே இருக்கறதால இன்னும் குடிக்க வைப்பாங்க. மோதிரம் இறுக ஆரம்பிச்சிருக்கா, ஒண்ணுக்கு அடிக்கடி நிறமே இல்லாம போகுதான்னு கவனிச்சா வித்தியாசம் பிடிபடும்.

சாப்பாட்டுல மணிக்கு 30-லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போயிட்டே இருக்கணும், ஒரு நடுத்தர வாழைப்பழத்துல 25 கிராம் சுத்துல இருக்கும், அத வச்சு கணக்கு பண்ணிக்கலாம். குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ரெண்டும் கலந்து எடுத்து பழகின வயிறுன்னா 90 வரைக்கும் தாங்கும். உடம்புல சேமிச்சு வச்சிருக்கற மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், 2000 கலோரி சுத்துலதான், அது தீர்ந்தா திடீர்னு கை கால் ஓஞ்சு போயிடும், கண்ணு மங்கும், காரணமில்லாம கோவம் வரும், அழுகைகூட வரும். அப்படி ஆள் சந்திப்புல வந்து எரிஞ்சு விழுந்தா கார்ல இருக்கறவங்க பதிலுக்கு கோவப்படாம முதல்ல இனிப்பா எதையாவது கைல குடுங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துல பழைய ஆளா ஆயிடுவாங்க. பசிச்ச அப்புறம் சாப்பிடலாம்னு இருந்தா லேட், 25, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டர்ல அலாரம் வச்சு சாப்பிடுங்க.

அஞ்சாறு மணி நேரத்துக்கு அப்புறம் இனிப்ப பாத்தாலே வெறுத்துப்போகும். அதுக்குதான் உப்பு போட்டு அவிச்ச உருளைக்கிழங்கு, பிரெட், வறுத்த கடலை மாதிரி ஏதாவது கார்ல இருக்கணும்.

மதியம்: ஒரே ஒரு பெரிய நிறுத்தம்

பாதிக்கு மேல, கிமீ 65, 70-ல வைங்க. சரிபாதில வச்சா மிச்சம் இருக்கறது அதிகமா தெரியும். 40, 45 நிமிஷம், குடும்பம் எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடற நேரம். இந்த ஒரு நிறுத்தத்துல அவசரப்படாதீங்க, அவங்க காலைலேர்ந்து பாத்தது, பசங்க கண்டுபிடிச்சது எல்லாம் கேளுங்க, அவங்களும் இந்த பயணத்துலதான் இருக்காங்க. ஷூவ கழட்டி கால உயர வைங்க, முகம் கழுவுங்க, சன்ஸ்கிரீன் திரும்ப போடுங்க, பேட் இருக்கற ஷார்ட்ஸ் நனைஞ்சு கிடந்தா மாத்திடுங்க, உக்காரற இடத்துல புண்ணு வர்றதுக்கு ஈரமும் உரசலும்தான் காரணம், லேசா எரியும்போதே கிரீம் போட்டா போதும், மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டா பயணமே நின்னுடும். வயிறு முட்ட சாப்பிடாதீங்க. கிளம்பி முதல் 20 நிமிஷம் திரும்பவும் காலைல மாதிரி மெதுவா.

கார் டிரைவர மாத்தற நேரமும் இதுதான், ரெண்டு பேர் ஓட்டத் தெரிஞ்சிருந்தா. ஒருத்தர்தான்னா மதியத்துக்கு அப்புறம் ஒரு சந்திப்ப ரத்து பண்ணிட்டு, நிழல்ல 20 நிமிஷம் தூங்க சொல்லுங்க. நிறுத்தின கார்க்குள்ள கண்ணாடிய ஏத்திட்டு பசங்கள விட்டுட்டு போகவே கூடாது, வெயில்ல சில நிமிஷத்துலயே உள்ள சூடு ஏறிடும்.

மதியத்துக்கு மேல: எதிர்க்காத்தும் வலியும்

நிறைய சமவெளில மதியத்துக்கு மேல காத்து எழும்பும். காத்த எதிர்த்து அதே வேகத்துல போகணும்னு நினைக்காதீங்க, காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அத ஜெயிக்க தேவைப்படற சக்தி வேகத்தோட மும்மடியில ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்கு, சக்தி எட்டு மடங்கு. கியர குறைச்சு, கைய மடக்கி, உடம்ப தாழ்த்தி, வேகத்த விட்டுடுங்க. கார்ல இருக்கறவங்களுக்கு "காத்து, 40 நிமிஷம் லேட்"னு ஒரு வரி அனுப்பிட்டா அவங்களும் நிம்மதியா இருப்பாங்க.

முட்டி முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ்வா இருக்கும், இல்ல பெரிய கியர்ல மிதிக்கறீங்க. முட்டிக்கு பின்னாடி இழுத்தா சீட் உயரம் கூடுதல். மாத்தறதா இருந்தா மூணு எம்எம் போல கொஞ்சமா மாத்தி ஒரு மணி நேரம் ஓட்டி பாருங்க, ஏற்கனவே இருந்த உயரத்துல டேப் ஒட்டி வச்சிடுங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனா உள்ளங்கைல நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம், சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பிடிக்கற இடத்த மாத்திக்கிட்டே இருங்க.

போன்ல பேசறது

ஓட்டிட்டிருக்கற ஆளுக்கு போன் பண்ணாதீங்க. லைவ் லொகேஷன் போட்டு வச்சா கேள்வியே தேவையில்ல, வாட்ஸ்அப்ல ஒரு தடவைக்கு அதிகபட்சம் 8 மணி நேரம்தான், அதனால மதிய நிறுத்தத்துல புதுசா போட்டுடுங்க, போன் சார்ஜும் அப்பவே. சிக்னல் இல்லாத இடத்துக்குன்னு ஒரே விதி வச்சுக்குங்க: சொன்ன நேரத்துக்கு மேல 45 நிமிஷம் ஆகியும் ஆள் வரலன்னா கார் அதே ரூட்ல எதிர்த்திசைல மெதுவா திரும்பி வரும், சைக்கிள்ல இருக்கறவர் எந்த காரணத்துக்கும் ரூட்ட விட்டு விலக மாட்டார். ரெண்டு பக்கமும் இத மதிச்சா தொலைஞ்சு போக வழியே இல்ல.

சேந்த அப்புறம்

கடைசி ஒரு மணி நேரத்துல வெளிச்சம் குறையறதுக்கு முன்னாடியே முன் லைட் பின் லைட் ரெண்டையும் போட்டுடுங்க, கணுக்கால்ல ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்க, மேலயும் கீழயும் ஆடற வெளிச்சத்த பாத்தா சைக்கிள்காரர்னு டிரைவருக்கு உடனே புரிஞ்சிடும்.

போய் சேந்ததும் வரிசை இதுதான்: ஈர துணிய கழட்டறது, குளிக்கறது, சாப்பிடறது, அப்புறம் சைக்கிள். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள மாவுச்சத்தும் 20, 30 கிராம் புரதமும் உள்ள போனா மறுநாள் காலுக்கு நல்லது. செயின துணியால துடைச்சு, ஒவ்வொரு கண்ணிலயும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மேல வழியறத துடைச்சிடுங்க. துவைக்கறது, பாட்டில் கழுவறது எல்லாத்தையும் கார்ல வந்தவங்க தலைல கட்டாதீங்க, அவங்களும் நாள் முழுக்க வேலை பாத்திருக்காங்க, ஷார்ட்ஸயும் பாட்டிலையும் நீங்களே கழுவுங்க. அப்புறம் பத்து நிமிஷம் எல்லாரும் உக்காந்து மறுநாள் ரூட்டையும் மேப்ல பின் போடற இடங்களையும் முடிவு பண்ணுங்க. இன்னிக்கு எந்த நிறுத்தம் சரியில்லன்னு அவங்ககிட்ட கேட்டு அடுத்த நாளுக்கு மாத்துங்க.

நிறுத்தற அதிகாரம்

இத பயணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணணும். களைச்சுப்போன மூளைக்கு தன் நிலைமை தெரியாது, அதனால நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் கார்ல இருக்கற ஒருத்தர்கிட்ட இருக்கணும், அவர் சொன்னா வாதாடக்கூடாது. அறிகுறிகள எழுதி கார்ல ஒட்டிடுங்க: பேச்சு குழறுது, கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றார், நேரா ஓட்ட முடியல, வாந்தி நிக்கல, நெஞ்சு வலி, தலைல அடிபட்டு விழுந்தார். இதுல எது இருந்தாலும் அன்னிக்கு ரைடு முடிஞ்சுது, நேரா மருத்துவ உதவிதான். வெயில்ல உடம்பு கொதிச்சு குழப்பமும் இருந்தா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு அங்கயே நிழல்ல படுக்க வச்சு உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறணும், ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைக்கணும், குளிர்விக்கறதுதான் முதல்ல.

வெறும் களைப்பு, மழை, இருட்டிடுச்சு மாதிரி காரணத்துக்காக நிறுத்தினா அதுல நஷ்டமே இல்ல. நின்ன இடத்த மேப்ல பின் போட்டு, மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்து வச்சுட்டு சைக்கிள கார்ல ஏத்துங்க. மறுநாள் காலைல அதே பின்னுக்கு கார்லயே போய் இறங்கி அங்கேர்ந்து மிதிச்சா ஒரு கிலோமீட்டர்கூட விட்டுப்போகாது, அன்னிக்கு முதல் சந்திப்ப மட்டும் அந்த மிச்ச தூரத்துக்கு தகுந்த மாதிரி தள்ளி வச்சுக்குங்க.